மரபணு அறிக்கையில் சோனகரின் பூர்வீகம்: எதை நம்புவது, எதை விடுவது?

இரண்டு வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், இலண்டனில் இருக்கும் என் தங்கையின் மகன் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தைப் போட்டான். உமிழ்நீரைச் சிறு குழாயில் எடுத்துத் தபாலில் அனுப்பினால் பூர்வீகத்தைக் கணித்துச் சொல்லும் கம்பனி ஒன்றின் அறிக்கை அது. வட்டப்படம் ஏறக்குறைய முழுவதும் ஒரே நிறம். அதற்குத் தென்னிந்தியாவும் இலங்கையும் என்று பெயர். ஓரத்தில் நூல் போல ஒரு மெல்லிய துண்டு மட்டும் மேற்காசியா என்றிருந்தது. படத்தின் கீழே அவன் எழுதியிருந்தான்: "மாமா, உம்மம்மா சொன்ன அறபுக் கப்பல் எங்க போச்சு?"

அன்று முழுக்க அந்தக் குழுவில் ஒரே அமளி. "நாமெல்லாம் தமிழர்தான் எண்டு இப்பயாவது ஒத்துக்கொள்ளுங்க" என்றார் ஒரு மச்சான். "அந்தச் சின்னத் துண்டுதான் நம்மட ஆதாரம்" என்றார் இன்னொருவர். "இதெல்லாம் நம்மளக் குழப்புற வேலை, படத்த அழிச்சிருங்க" என்றார் பெரிய மாமி.

இந்த வருடம் அதே கம்பனி அதே உமிழ்நீருக்குப் புதிய அறிக்கை ஒன்றை அனுப்பியிருக்கிறது. மேற்காசியத் துண்டைக் காணவில்லை. அந்த இடத்தில் வடமேற்கு இந்தியாவின் பெயர் இருக்கிறது. மருமகனின் உடம்பில் எதுவும் மாறவில்லை, அவனுடைய டி.என்.ஏ.யும் மாறவில்லை. கணக்குப் போடும் முறையும் ஒப்பிடும் ஆட்களும்தான் மாறியிருக்கிறார்கள்.

நான் கல்முனைப் பகுதியில் முப்பது வருடங்களுக்கு மேல் உயர்தர வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்தவன். மரபணு விஞ்ஞானி அல்ல. ஆனால் இந்த அறிக்கைகளின் அடியில் ஓடுவது புள்ளிவிபரவியல், அது எனக்குப் பழக்கமான விடயம். ஆகவே இந்தப் படங்கள் எப்படி உருவாகின்றன, அவை நம் வரலாற்றைப் பற்றி எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை நம் மக்களுக்கு விளங்கும்படி எழுத வேண்டும் என்று தோன்றியது.

பழைய வழக்கு

இந்தச் சண்டை வட்ஸ்அப்பில் தொடங்கியதல்ல. 1888ஆம் ஆண்டு பொன். இராமநாதன், றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். மொழி, பழக்கவழக்கங்கள், உடல் தோற்றம் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் முஸ்லிம்கள் என்பது அவரது முடிவு. சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டு, 1889இல், எம்.சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனின் உரைக்குப் பதிலாக ஒரு நூலையே வெளியிட்டார். சோனகரின் மூதாதையர் அறபிகள் என்பது அவரது வாதம்.

அந்த நாளில் இருந்து இன்றுவரை இந்தக் கேள்வி நம்மை இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஒரு பக்கம், "நீங்கள் தமிழர்தானே, உங்களுக்கு எதற்குத் தனி அடையாளம்?" என்கிறார்கள். மறுபக்கம், "நீங்கள் அறேபியாவிலிருந்து வந்தவர்கள்தானே, அங்கேயே போங்கள்" என்கிறார்கள். இரண்டு பேச்சுக்கும் நம் சமூகம் கொடுத்த விலையை இந்தக் கரையோரத்தில் வாழும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. முன்பு இந்த வாதங்களுக்கு மூக்கின் அமைப்பையும் கலியாணச் சடங்கையும் ஆதாரம் காட்டினார்கள். இன்று டி.என்.ஏ. படத்தைக் காட்டுகிறார்கள். அதனால்தான் அந்தப் படத்தை வாசிக்கத் தெரிந்திருப்பது நமக்கு முக்கியமாகிறது.

அறிக்கை தயாராகும் விதம்

ஒருவருடைய டி.என்.ஏ.யில் "அறபு" என்றோ "தமிழ்" என்றோ எங்கும் எழுதியிருப்பதில்லை. மனிதர்களுக்கிடையே வேறுபடுகின்ற இலட்சக்கணக்கான இடங்களில் உங்களிடம் எந்த வடிவம் இருக்கிறது என்று ஆய்வுகூடம் பார்க்கிறது. பிறகு, ஏற்கனவே சேகரித்து வைத்திருக்கும் குழுக்களோடு அதை ஒப்பிடுகிறது. எந்தக் குழுவில் அந்த வடிவங்கள் அதிகம் காணப்படுகின்றனவோ, அந்தக் குழுவின் பெயர் உங்கள் மீது விழுகிறது. ஒப்பிடும் பட்டியலில் இல்லாத குழுவின் பெயர் அறிக்கையில் ஒருபோதும் வராது.

இதற்கு ஓர் உதாரணம். உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் 2015இல் 26 குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் தரவுகளை வெளியிட்டது. அதில் இலங்கைக்கென்று இருக்கும் ஒரே குழு, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். சோனகர் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. 2014இல் வெளியான இலங்கை மக்களின் தாய்வழி டி.என்.ஏ. பற்றிய ஆய்வு ஒன்றை எடுத்தால், வேடர், மலைநாட்டுச் சிங்களவர், கீழ்நாட்டுச் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர் என 271 பேர் அதில் இருக்கிறார்கள். அங்கும் நாம் இல்லை. இப்படியான தரவுகளோடு ஒப்பிட்டால் கல்முனையானுக்கு "இலங்கைத் தமிழர்" என்ற பெயர்தான் கிட்டிய பெயராக வரும். அது ஒப்பிடுவதற்கு இருந்தவர்களில் யார் கிட்டியவர் என்ற பதில். யாரிடமிருந்து வந்தவர் என்ற கேள்விக்கு உரிய பதில் அல்ல.

அடுத்தது, நிறங்கள். கம்பனி அறிக்கைகளின் தகப்பன் என்று சொல்லக்கூடிய முறை ஒன்று 2000ஆம் ஆண்டு அறிமுகமானது. எத்தனை குழுக்களாகப் பிரிக்க வேண்டும் என்று நாம் கணினிக்குச் சொல்லலாம். மூன்று என்றால் மூன்று நிறம், நான்கு என்றால் நான்கு நிறம். ஒவ்வொரு மனிதரும் அந்த நிறங்களின் கலவையாகப் பட்டை பட்டையாகத் தெரிவார். பார்ப்பவர் உடனே நினைப்பது, ஒரு காலத்தில் இத்தனை தூய இனங்கள் இருந்தன, அவை கலந்து இவர் வந்தார் என்று.

மருதமுனைத் தறியை நினைத்துப் பாருங்கள். ஒரு சாரத்தில் பச்சை நூல் ஓடுகிறது. சாயக் குடுவை இரண்டுதான், மஞ்சளும் நீலமும் என்று முன்கூட்டியே தீர்மானித்தவரிடம் கேட்டால், "பாதி மஞ்சள், பாதி நீலம்" என்பார். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆரம்பத்திலேயே பச்சைச் சாயம் என்று ஒன்று தனியாக இருந்திருக்கலாம். அல்லது நாம் காணாத வேறு இரண்டு சாயங்களில் இருந்து அந்தப் பச்சை வந்திருக்கலாம். நூலை மட்டும் பார்த்து இந்த மூன்று கதைகளையும் பிரித்தறிய முடியாது. லோசன், வான் டோர்ப், ஃபாலுஷ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2018இல் இதையே கட்டுரையாக எழுதினார்கள். அண்மையில் நடந்த கலப்பு, தரவில் இல்லாத மறைந்துபோன ஒரு குழுவுடனான பழைய கலப்பு, சனத்தொகை சுருங்கிய ஒரு காலம் என்ற மூன்று வேறு வரலாறுகளும் கிட்டத்தட்ட ஒரே பட்டைப் படத்தைத் தரும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். அவர்களில் ஃபாலுஷ் அதே முறையைப் பின்னர் விரிவுபடுத்தியவர்களில் ஒருவர். அதாவது, கருவியைச் செய்தவர்களே எச்சரிக்கையும் எழுதியிருக்கிறார்கள்.

சிறிய சமூகங்களுக்கு இதில் இன்னொரு பொறி இருக்கிறது. 2002இல் வந்த பிரபலமான ஆய்வு ஒன்று உலகின் 52 குழுக்களைச் சேர்ந்த 1,056 பேரை எடுத்தது. கணினியிடம் ஐந்து குழுக்கள் கேட்டபோது பெரும்பாலும் கண்டங்களாகப் பிரித்தது. ஆறு கேட்டபோது, ஆறாவது நிறம் பாகிஸ்தானின் சித்ரால் பகுதியில் வாழும் களாஷ் என்ற சில ஆயிரம் பேருக்குப் போனது. களாஷ் மக்கள் ஒரு கண்டத்துக்குச் சமமான ஆதி இனமா? இல்லை. சின்னஞ்சிறு கூட்டம் நீண்ட காலம் தமக்குள்ளேயே மணம் முடித்தால், சில வடிவங்கள் தற்செயலாகவே பெருகிவிடும், சில அழிந்துவிடும். கணினிக்கு அது தனி நிறமாகத் தெரியும். நாளை யாராவது நிந்தவூரிலோ சாய்ந்தமருதிலோ ஊருக்குள் மணம் முடித்த குடும்பங்களில் நூறு பேரின் மாதிரிகளை எடுத்தால், நமக்கும் ஒரு தனி நிறம் கிடைக்கக்கூடும். அதைத் தூக்கிக்கொண்டு "நாம் தனி இனம் என்பது விஞ்ஞானத்தால் நிரூபணம்" என்று எழுத நம்மிலேயே ஆட்கள் புறப்படுவார்கள். அப்போது இந்தக் களாஷ் கதையை ஞாபகப்படுத்துங்கள்.

இந்த விளையாட்டில் அகப்பட்டவர்கள் நாம் மட்டுமல்ல. சிங்களவர் வங்காளத்திலிருந்து வந்த விஜயனின் வழித்தோன்றல்களா என்ற கேள்விக்கு 1995இல் ஒரு கணிப்பு வந்தது. சிங்களவரின் மரபணுப் பங்கில் ஏறத்தாழ 70% தென்னிந்தியத் தமிழரோடும் 25% வங்காளத்தோடும் பொருந்துகிறது என்றது அது. 2007இல் வந்த இன்னொரு கணிப்பு, வேறு குறியிடங்களையும் வேறு "பெற்றோர்" குழுக்களையும் வைத்துக்கொண்டு, வங்காளத்துக்கே பெரும் பங்கைக் கொடுத்தது. மக்கள் அதே மக்கள். யாரைப் பெற்றோராக எடுத்துக்கொண்டோமோ, அதற்கேற்பச் சதவீதம் மாறியது.

வரைபடத்தில் அலை

இன்னொரு வகைப் படம் உண்டு. ஒவ்வொரு மனிதரும் ஒரு புள்ளி, ஒத்தவர்கள் பக்கத்தில், வேறுபட்டவர்கள் தூரத்தில். இதன் கணிதம் எளிது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களுக்கிடையேயான தூரங்களை மட்டும் ஓர் அட்டவணையாகத் தந்தால், ஊரைக் காணாத ஒருவர்கூட அவற்றைக் கடற்கரை வழியே ஒரு கோடாக வரைந்துவிடுவார். மரபணு வேற்றுமையைத் தூரமாக எடுத்துக்கொண்டு கணினியும் அதைத்தான் செய்கிறது.

1978 முதல் கவாலி-ஸ்ஃபோர்சாவும் அவரது சகாக்களும் இந்த முறையில் ஐரோப்பாவுக்கு வரைபடங்கள் போட்டார்கள். நிறம் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு அலை போல மங்கிச் செல்லும். அந்த அலையை, மேற்காசியாவிலிருந்து விவசாயிகள் பெயர்ந்து சென்ற தடம் என்று வாசித்தார்கள். 2008இல் நோவெம்பரும் ஸ்டீஃபன்ஸும் ஒரு முக்கியமான விடயத்தைக் காட்டினார்கள். பக்கத்து ஊர்கள் ஒத்திருக்கும், தூரத்து ஊர்கள் வேறுபடும் என்ற ஒரே விதி இருந்தால் போதும், பெரிய குடிபெயர்வு எதுவும் நடக்காமலே அதே அலைகள் அந்தக் கணக்கில் வந்துவிடும். நம் கரையோரத்திலும் இதைக் காணலாம். மருதமுனைப் பேச்சும் அக்கரைப்பற்றுப் பேச்சும் சற்று வேறு. இடையில் உள்ள ஊர்களில் அது சிறிது சிறிதாக மாறுகிறது. அதற்காக வடக்கிலிருந்து ஒரு படை தெற்கே போனது என்று யாரும் சொல்வதில்லை.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். விவசாயிகள் ஐரோப்பாவுக்குப் பெயர்ந்தது உண்மைதான் என்பதைப் பின்னாளில் பழைய எலும்புகளின் டி.என்.ஏ. உறுதிப்படுத்தியது. முடிவு சரியாக இருந்தது. ஆனால் அந்த அலைப்படம் அதற்கு ஆதாரமாக இருக்கவில்லை. சரியான விடையைப் பிழையான செய்கையால் பெற்ற மாணவனுக்கு நான் முழுப் புள்ளி கொடுத்ததில்லை.

பதினாறு தலைமுறைக் கணக்கு

இனி உம்மம்மாவின் கப்பலுக்கு வருவோம். போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் 4,000 பேரை 1626இல் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது நம் வரலாற்று நூல்களில் வழமையாக வரும் செய்தி. இன்றைக்கு அது 400 வருடங்கள். தலைமுறைக்கு 25 வருடம் என்றால் 16 தலைமுறை. உங்களுக்கு உம்மா, வாப்பா என இருவர். அவர்களுக்கு நால்வர். இப்படி இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால், 16ஆம் தலைமுறையில் உங்கள் மூதாதையர் இடங்கள் 65,536.

அந்த 65,536 இடங்களில் ஒன்றில் ஓர் அறபு வணிகர் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். டி.என்.ஏ. தண்ணீர் போலச் சமமாகக் கலந்து வருவதில்லை. துண்டு துண்டாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதித் துண்டுகள் விடுபட்டுப் போகின்றன. ஆகவே 16 தலைமுறைக்கு முந்திய அந்த ஒருவரிடமிருந்து உங்களுக்கு ஒரு துண்டுகூட வந்து சேராமல் இருப்பதற்கான வாய்ப்புத்தான் மிக அதிகம். அறிக்கையில் அவர் இல்லை. ஆனால் வரலாற்றில் இருந்தார். அவர் இல்லையென்றால் நீங்களும் இல்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாமி மகளையும் மாமா மகளையும் முடிக்கும் வழக்கம் உள்ள நம் ஊர்களில் 65,536 வெவ்வேறு மனிதர்கள் இருந்திருக்க முடியாது. ஒரே ஆள் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவார். அந்த வணிகர் பலருக்கும் மூதாதையாக இருந்தால் அவரது பங்கு சற்றுக் கூடும். ஆனாலும் அதே 65,536 இடங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தத் தீவையும் தென்னிந்தியாவையும் சேர்ந்தவர்களால் நிரம்பியிருக்கும் என்றே நான் எதிர்பார்க்கிறேன். இதை எழுத எனக்குத் தயக்கமில்லை. அவர்களும் என் மூத்தவாப்பாமாரும் மூத்தம்மாமாரும்தான்.

உம்மா வழியும் வாப்பா வழியும்

மரபணு நமக்கு ஒன்றும் சொல்லாது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். சரியான கேள்வி கேட்டால் சொல்லும். அதிலும் கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம், உலகில் பல சமூகங்களிடம் இல்லாத ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. அது நம்முடைய குடி.

நம் ஊர்களில் குடி உம்மாவிடமிருந்து வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் பேசுவதில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் குடிக்கொரு மரைக்கார் என்று வைத்திருந்தோம். மகளுக்கு வீடு கொடுக்கிறோம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போகிறார். இதே தாய்வழிக் குடிமுறை நம் அயலில் உள்ள தமிழ் ஊர்களிலும் இருப்பதை, அக்கரைப்பற்றில் நீண்டகாலம் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முக்குவருக்கு உதவிய முஸ்லிம்கள் முக்குவப் பெண்களை மணம் முடித்தார்கள் என்ற கதை மட்டக்களப்புப் பக்கம் இரு சமூகத்திலும் வழங்குகிறது.

உடலிலும் இப்படி ஒரு தாய்வழிச் சொத்து உண்டு. கலத்தின் இழைமணியில் இருக்கும் டி.என்.ஏ. உம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. வை நிறமூர்த்தம் வாப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. கடல் வழி வந்த ஆண்கள் இந்த மண்ணின் பெண்களை மணந்தார்கள் என்ற நம் பாரம்பரியம் சரியென்றால், இழைமணி வகைகள் அயல் தமிழ் ஊர்களோடு ஒத்திருக்க வேண்டும், வை வகைகளில் வெளித் தடங்கள் இருக்க வேண்டும். பிழையென்றால் அப்படி இராது. பிழையாகிப் போகக்கூடிய கூற்றுத்தான் விஞ்ஞானத்துக்கு உதவும்.

மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகும் வழக்கம் மரபணுவில் தெரியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2001இல் வட தாய்லாந்தின் மலைக் குடிகள் ஆறில் ஓர் ஆய்வு நடந்தது. மூன்றில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார், மூன்றில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவாள். முதல் மூன்றிலும் தாய்வழி டி.என்.ஏ.யின் வகைகள் ஊருக்குள் குறைவு, தந்தைவழி வகைகள் அதிகம். மற்ற மூன்றிலும் இது அப்படியே தலைகீழ். கலியாண வழக்கமே எண்களில் பதிந்து கிடந்தது.

நம்மைப் போன்ற இந்து சமுத்திரக் கரையோர முஸ்லிம்கள் பற்றியும் ஆய்வு வந்துவிட்டது. கிழக்காபிரிக்காவின் சுவாஹிலிக் கரையில், 1250க்கும் 1800க்கும் இடையில் அடக்கப்பட்ட 80 பேரின் டி.என்.ஏ. 2023இல் நேச்சர் இதழில் வெளியானது. தாய்வழி ஏறக்குறைய முழுவதும் ஆபிரிக்கா, தந்தைவழி பெரும்பாலும் ஆசியா. அந்த ஆசியப் பங்கிலும் பெரும்பகுதி பாரசீகம், அறேபியாவின் பங்கு பெரும்பாலும் 1500க்குப் பின். பாரசீகத்திலிருந்து வந்தோம் என்று அந்த மக்கள் பரம்பரையாகச் சொல்லிவந்த கதையைப் பலர் வெறும் பெருமை என்று தள்ளியிருந்தார்கள். கதையில் உண்மை இருந்தது. அதேநேரம் அந்த மக்களின் மொழியும் வாழ்வும் ஆபிரிக்காவினுடையவை, அவர்களின் மூதாதையரில் பாதிக்கு மேல் ஆபிரிக்கப் பெண்கள். "அறபியா, ஆபிரிக்கனா?" என்ற கேள்வியே அங்கு பொருந்தவில்லை. இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆய்வுக்குக் கிடைத்த கப்றுகளில் பல செல்வாக்குள்ள குடும்பங்களினுடையவை. சாதாரண மீனவனின் கதை வேறாக இருந்திருக்கலாம்.

இந்திய முஸ்லிம்கள் பற்றி 2010இல் வெளியான ஆய்வு இன்னொரு பாடம். கேரளத்தின் மாப்பிள்ளைமார் உட்பட ஆறு சமூகங்களைச் சேர்ந்த 472 பேர் அதில் இருந்தார்கள். பெரும்பாலும் அவரவர் அயலில் வாழும் முஸ்லிமல்லாத மக்களோடுதான் ஒத்தார்கள். வெளித் தடங்கள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அந்தத் தடம் ஈரானா அறேபியாவா என்பதைத் தாய்வழி, தந்தைவழிக் குறிகளால் பிரிக்க முடியவில்லை, ஏனெனில் அந்த இரு நிலங்களின் மக்களும் ஒருவரையொருவர் அவ்வளவு ஒத்திருக்கிறார்கள். பிறகு ஆய்வாளர்கள், வளர்ந்த பின்னும் பாலைச் சமிக்கச் செய்யும் மரபணுவைப் பார்த்தார்கள். அறேபியாவில் பரவியிருக்கும் வடிவம் ஈரான் பக்கத்து வடிவத்திலிருந்து வேறானது. அதை வைத்துத்தான், வந்த தடம் பெரும்பாலும் ஈரானும் மத்திய ஆசியாவும், நேரடியாக அறேபியா அல்ல என்றார்கள். இரண்டு ஊற்றுகள் ஒத்திருந்தால், எந்தக் கணினியும் தடுமாறும். என் மருமகனின் அந்த மெல்லிய துண்டு ஒரு வருடம் மேற்காசியா, மறு வருடம் வடமேற்கு இந்தியா என்று மாறியதற்கும் இந்தத் தடுமாற்றம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

இந்திய முடிவை அப்படியே நம்மீது ஒட்டவும் கூடாது. கல்முனை குஜராத் அல்ல, மலபாரும் அல்ல.

கேட்க வேண்டிய கேள்விகள்

இனி "சோனகரின் பூர்வீகம் கண்டுபிடிப்பு" என்று ஒரு செய்தி வந்தால், பகிர்வதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். எத்தனை பேரிடம், எந்த ஊர்களில் மாதிரி எடுத்தார்கள்? பேருவளையும் அக்கரைப்பற்றும் ஒன்றாகக் கணக்கிடப்பட்டதா? யாரோடு ஒப்பிட்டார்கள், யாரை விட்டுவிட்டார்கள்? தாய்வழியா, தந்தைவழியா, முழுத் தொகுதியா? அதே படத்தைத் தரக்கூடிய வேறு வரலாறு உண்டா, அதைச் சோதித்தார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத செய்தி, செய்தியே அல்ல.

அதைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. நாளை நல்ல ஆய்வு ஒன்று வந்து, நம் தாய்வழி முழுவதும் இந்தக் கரையோரத்துத் தமிழ்ப் பெண்களுடையது என்று சொன்னாலும், இராமநாதன் வென்றார் என்று ஆகாது. தந்தைவழியில் யெமன் தெரிந்தாலும் அஸீஸ் வென்றார் என்று ஆகாது. ஒரு சமூகம் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறது, யாரோடு கொடுத்து எடுத்து வாழ்ந்தது, எதைச் சேர்ந்து தாங்கியது என்பவை உமிழ்நீரில் இல்லை. நாம் இந்த நாட்டின் குடிகள் என்பதற்கு மரபணுச் சான்றிதழ் தேவையுமில்லை. சூரா ஹுஜுராத்தின் 13ஆம் வசனத்தை நாம் எத்தனையோ ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். கோத்திரம் என்பது அறிமுகத்துக்கு, ஏற்றத்தாழ்வுக்கு அல்ல என்று அதில் படித்துவிட்டு, அறபு இரத்தத்தின் அளவைப் பார்த்துப் பெருமைப்படுவதும் சிறுமைப்படுவதும் நமக்குப் பொருத்தமா?

மரபணுவை விட அவசரமான வேலை ஒன்று நம் கையில் கிடக்கிறது. பழைய கலியாணப் பதிவுகள், பள்ளிவாசல் கணக்குக் கொப்பிகள், காணி உறுதிகள், மீசான் கட்டைகளின் எழுத்து, எந்தக் குடி எந்த ஊரிலிருந்து வந்தது என்ற மூத்தவர்களின் சொல் ஆகியவைதான் எந்த மரபணு எண்ணுக்கும் பொருள் கொடுக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நம் வீடுகளோடு எத்தனையோ பெட்டகங்களும் போயின. மிஞ்சியதையாவது ஒலுவிலில் உள்ள நமது பல்கலைக்கழகத்து மாணவர்கள் படமெடுத்துச் சேர்க்கலாம். குடிப் பெயர்களை இப்போதே எழுதாவிட்டால், அடுத்த தலைமுறையில் கேட்பதற்கு ஆளிருக்காது.

மருமகனுக்கு நான் போன கிழமை பதில் எழுதினேன். கப்பல் எங்கும் போகவில்லை, அந்தப் படத்துக்குள் அதைத் தேடினால் கிடைக்காது என்றேன். அவனுடைய உம்மம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் ஒரு பின்னேரம் உட்காரும்படி சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறான், இன்ஷா அல்லாஹ்.